டேப்பில் நுரை, புளிப்பு, கசிவு: வீட்டு பீர் லைனின் பழுதுகளை அறிகுறி வழியாகக் கண்டு சரிசெய்தல்

மெல்போர்னில் வீட்டிலேயே பீர் காய்ச்சி, 19 லிட்டர் கெக்கில் (உலோகப் பீப்பாயில்) அடைத்து, கார் ஷெட்டில் இருக்கும் குளிர்பெட்டியில் டேப் (ஊற்றும் குழாய்) பொருத்தி ஊற்றிக்கொள்பவர்கள் எங்கள் வட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறோம். வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஜனவரி வந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: நுரை அடங்கவில்லை, பீர் புளிக்கிறது, பீரைத் தள்ளும் கரியமில வாயு சிலிண்டர் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டது. போய்ப் பார்த்தால் பத்தில் எட்டு முறை குற்றம் காய்ச்சிய பீரில் இருக்காது. கெக்கின் வாயிலிருந்து டேப்பின் மூக்கு வரையுள்ள அந்த மூன்று மீட்டர் குழாயில், அதாவது லைனில்தான் இருக்கும். ஒரு மாதம் காத்திருந்து உருவாக்கிய பீரை அந்த மூன்று மீட்டர் கெடுத்துவிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் செய்துவந்த சோதனைகளை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது குவளையில் தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை, சிலிண்டரின் ரெகுலேட்டர் (வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) காட்டும் அழுத்தம், லைனைக் கடைசியாகக் கழுவிய தேதி. வெப்பநிலை 3 முதல் 4 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 10 முதல் 12 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), கழுவி இரண்டு வாரத்துக்குள் என்று இருந்தால் அடிப்படை சரியாக இருக்கிறது. இந்த மூன்றையும் பார்க்கும் முன் ரெகுலேட்டரின் திருகில் கை வைக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்பது தெரியாமல் போய்விடும்.

அறிகுறி 1: முதல் குவளை மட்டும் நுரையாக வருகிறது, இரண்டாவது சரியாக இருக்கிறது

இதைப் பழுது என்றே சொல்ல முடியாது. குளிர்பெட்டிக்கு மேலே நிற்கும் டவருக்குள் (டேப்பைத் தாங்கும் தூணுக்குள்) இருக்கும் லைனும் டேப்பின் உலோகமும் வெளி வெப்பத்தில் நிற்கின்றன. அங்கே தேங்கிய பீர் சூடேறி வாயுவை விட்டுவிடுகிறது. டவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு முதல் குவளையை ஊற்றிய ஒரு நிமிடத்துக்குள் அடுத்ததை ஊற்றுங்கள். அது ஒழுங்காக வந்தால் காரணம் வெப்பம்தான்.

4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள லைனில் மூன்று மீட்டருக்கும் சேர்த்தே 40 மில்லிலிட்டர் பீர்கூட நிற்காது. ஆகவே செலவில்லாத தீர்வு, முதலில் ஒரு சிறு கோப்பை அளவு ஊற்றி ஒதுக்கிவிடுவது. அதற்கு அடுத்தபடியாக, கணினியில் இருக்கும் 12 வோல்ட் சிறு மின்விசிறி ஒன்றைக் குளிர்பெட்டிக்குள் வைத்து, ஒரு குழாய் வழியே குளிர்ந்த காற்றை டவருக்குள் ஏற்றலாம். டவரை எடுத்துவிட்டுக் குளிர்பெட்டியின் கதவிலேயே டேப்பைப் பொருத்துவது செலவு கூடிய வழி. வெயில் நேராகப் படும் ஷெட் என்றால் மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

அறிகுறி 2: எத்தனை குவளை ஊற்றினாலும் பாதி நுரை

டேப்பின் கைப்பிடியை மெதுவாக, பாதி மட்டும் இழுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நுரை வரும் என்ற பயத்தில் செய்யப்படும் இந்தச் செயலே நுரையை உண்டாக்குகிறது. கைப்பிடியை ஒரே இழுப்பில் முழுவதும் திறந்து, குவளையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றிப் பாருங்கள். அடுத்து, கெக் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நேற்று மாலை உள்ளே வைத்த கெக்கின் நடுப்பகுதி இன்று காலையிலும் சூடாக இருக்கக்கூடும். கெக்கை அவசரமாக வாயுவேற்ற 30 பிஎஸ்ஐ வைத்து உலுக்கியிருந்தால் பீரில் வாயு மிகுந்திருக்கும். அதற்குச் சிலிண்டரை மூடி, கெக்கின் விடுவிப்பு வால்வை ஒரு நாளில் நான்கைந்து முறை இழுத்து வாயுவைக் குறைப்பதுதான் வழி.

இவை எதுவும் இல்லையென்றால், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குளிர்பெட்டியைத் திறந்து, இன்னொருவரை ஊற்றச் சொல்லி லைனையே உற்றுப் பாருங்கள். குமிழ் எங்கே பிறக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

குமிழ்கள் கெக் பக்கமே தொடங்கினால்: சென்ற கோடையில் ஒரு நண்பர் வீட்டில் இதைத்தான் பார்த்தேன். நுரைக்குப் பயந்து அவர் அழுத்தத்தை 12 பிஎஸ்ஐயிலிருந்து 6 ஆகக் குறைத்திருந்தார். நுரை குறையவில்லை, கூடியது. அழுத்தம் போதாததால் பீர் லைனுக்குள்ளேயே வாயுவை விடத் தொடங்கியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, கெக்கையும் பீர் லைனையும் இணைக்கும் கறுப்பு டிஸ்கனெக்டிலிருந்தே கடுகு அளவுக் குமிழ்கள் சரம் கோத்ததுபோல் சீரான இடைவெளியில் ஏறிவந்தன. கெக்கின் அழுத்தத்தை முழுவதும் விடுவித்து, பீர் வரும் போஸ்ட்டை (கெக்கின் மேலுள்ள இணைப்பு முனையை) கழற்றி, டிப் டியூபை (கெக்கின் அடிவரை செல்லும் குழாயை) மேலே இழுத்தோம். அதன் கழுத்திலிருந்த சிறிய ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தது. கெக்கின் மேற்பகுதியில் இருக்கும் வாயு அந்த வெடிப்பின் வழியே பீருடன் சேர்ந்து லைனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. புதிய ஓ-ரிங் போட்டு, உணவுத் தரக் கிரீஸ் சிறிது தடவி மூடி, அழுத்தத்தை மீண்டும் 12க்கு ஏற்றி மறுநாள் ஊற்றியபோது இரண்டு விரல் நுரை மட்டுமே நின்றது. போஸ்ட்டைக் கழற்றும் முன் அழுத்தத்தை விடுவிக்க மறந்தால் அது தோட்டாபோல் பாயும் என்பதை நினைவில் வையுங்கள்.

லைனின் நடுவில் குமிழ்கள் திரண்டால்: கெக்குக்கும் லைனுக்கும் வெப்பநிலை வேறுபடுகிறது. லைன் சுருளைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் தொங்கவிடாமல் கெக்கின் தோளிலேயே சுற்றி வையுங்கள். லைன் எங்காவது மடிந்து நசுங்கியிருந்தாலும் அந்த இடத்தைத் தாண்டியதும் குமிழ் தெரியும்.

லைன் தெளிவாக இருந்து டேப்பில் மட்டும் நுரைத்தால்: டேப்பின் உட்புறம் அழுக்கேறியிருக்கிறது. அறிகுறி 4இல் உள்ள முறைப்படி டேப்பைப் பிரித்துக் கழுவுங்கள்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் பீர் சீறிப் பாய்ந்தால்: லைன் நீளம் போதவில்லை. கெக்குடன் விற்கப்படும் ஒன்றரை மீட்டர் லைன் 12 பிஎஸ்ஐக்கு ஈடுகொடுக்காது. 4.8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வினைல் லைன் என்றால் மூன்று மீட்டர் போட்டுப் பாருங்கள்; பாய்ச்சல் மிக மெதுவாக இருந்தால் சிறிது சிறிதாக வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 3: பீர் நூலாக வருகிறது, அல்லது நடுவில் நின்றுவிடுகிறது

சிலிண்டர் வால்வு திறந்திருக்கிறதா, ரெகுலேட்டர் முள் நிற்கிறதா, டிஸ்கனெக்ட் கடைசிவரை அமர்ந்து ‘டக்’ என்ற ஒலி கேட்டதா என்று பாருங்கள். பிறகு அதே லைனை வேறொரு கெக்கில் மாட்டுங்கள். அதில் நன்றாக ஓடினால் அடைப்பு முதல் கெக்கின் போஸ்ட்டிலோ டிப் டியூபிலோ இருக்கிறது. அதிலும் நூலாகவே வந்தால் லைனிலோ டேப்பிலோ இருக்கிறது.

கெக்கில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கள்) போட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பச்சைத் துகள்கள் போஸ்ட்டுக்குள் இருக்கும் சிறு வால்வான பாப்பெட்டில் சிக்கி, வடிகட்டியில் தேயிலைச் சக்கை நிற்பதுபோல் வழியை அடைத்துவிடும். அழுத்தத்தை விடுவித்து, போஸ்ட்டைக் கழற்றி, பாப்பெட்டை வெந்நீரில் அலசி மாட்டினால் போதும். ஒரே கெக்கில் இது மூன்று முறை நடந்துவிட்டால், மேலே மிதந்து தெளிந்த பீரை எடுக்கும் வலை வைத்த மிதவை டிப் டியூபுக்கு மாறிவிடுங்கள்.

லைனில் பனிக்கட்டி தெரிந்தால் குளிர்பெட்டியின் சென்சார் இடம் மாறியிருக்கிறது. சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் கெக்கின் உடலோடு ஒட்டி, அதன்மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் குளிர்பெட்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் குளிர்பெட்டி மெக்கானிக்கை அழையுங்கள். கம்பிரசரையும் வாயுக் குழாயையும் நாம் தொடக் கூடாது.

அறிகுறி 4: புளிப்பு, வெண்ணெய் வாடை, வினிகர் நெடி

இந்த அறிகுறியில்தான் நல்ல பீரைப் பலர் சாக்கடையில் கொட்டுகிறார்கள். கொட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கையால் அழுத்தும் பிளாஸ்டிக் டேப் ஒன்றைப் புதிய குட்டை லைனில் பொருத்தி, கெக்கிலிருந்து நேரடியாக ஒரு குவளை எடுங்கள். வழக்கமான டேப்பிலிருந்து இன்னொரு குவளை எடுங்கள். இரண்டையும் முகர்ந்து, சுவைத்துப் பாருங்கள். நேரடியாக எடுத்தது நன்றாக இருந்தால் பீர் பிழைத்தது; குற்றவாளி லைன். இரண்டும் ஒரே மாதிரி புளித்தால் கெக்கிலேயே தொற்று வந்திருக்கிறது. அதற்கு லைனைக் கழுவுவது மருந்தாகாது.

தயிரையும் இட்லி மாவையும் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களின் உறவினங்களே லைனிலும் குடியேறுகின்றன. பீடியோகாக்கஸ் என்னும் வகை வெண்ணெய் வாடையைத் தரும். வினிகர் நெடி வந்தால் அசிட்டோபாக்டர். இதற்குக் காற்று வேண்டும் என்பதால் பெரும்பாலும் டேப்பின் மூக்கிலும் சொட்டுத் தட்டிலுமே அது இருக்கும். எனவே வினிகர் நெடிக்கு முதலில் டேப்பை மட்டும் பிரித்துப் பாருங்கள். மூன்று வாரம் கழுவாத ஒரு டேப்பின் உள்ளே விரலை விட்டபோது, கழுவாத பால் பாத்திரத்தின் அடியில் இருப்பதுபோன்ற வழுவழுப்பும், தூரிகையோடு ஒட்டிவந்த பழுப்பு நிறக் கொழகொழப்பும் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அந்த டேப் பளபளவென்றுதான் இருந்தது.

கழுவும் முறை இது. கெக்கைப் பிரித்துவிட்டு, லைனில் தெளிந்த நீர் வரும்வரை குளிர்ந்த நீரை ஓட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்துகொண்டு, பீர் லைனுக்கென்றே விற்கும் காஸ்டிக் கழுவியை (அரிக்கும் காரம் கொண்ட திரவத்தை) புட்டியில் சொன்ன அளவில் வெதுவெதுப்பான நீரில் கலக்குங்கள். காஸ்டிக்கைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. கரைசலில் காஸ்டிக் 2 சதவீதமும், நெடுநாள் கழுவாத லைனுக்கு 3 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பிரூவர்ஸ் அசோசியேஷன் வெளியிட்ட வழிகாட்டியின் அளவு. நீரின் வெப்பம் 27 முதல் 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சிறிய பம்ப் இருந்தால் கரைசலை 15 நிமிடம் சுற்றவிடுங்கள். பம்ப் இல்லையென்றால் லைனை நிரப்பி 20 நிமிடம் ஊறவைக்கலாம். ஆனால் ஓடும் கரைசல் சுரண்டி எடுப்பதை ஊறும் கரைசல் எடுக்காது. என் அனுபவத்தில், ஆண்டு முழுவதும் டேப் வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி இந்தச் சிறிய பம்ப்தான்.

லைன் ஊறும் நேரத்தில் டேப்பை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு வாஷரையும் ஓ-ரிங்கையும் தனித்தனியே எடுத்து, சிறு தூரிகையால் தேயுங்கள். பிரிக்கும்போதே துண்டுகளை வரிசையாக ஒரு துணியில் அடுக்கினால் மீண்டும் பூட்டும்போது தடுமாற வேண்டியதில்லை. டிஸ்கனெக்டின் தலையிலும் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றி உள்ளே இருக்கும் ஊசியையும் சுருள்வில்லையும் கழுவப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு நிறைய குளிர்ந்த நீரை ஓட்டி, வெளிவரும் நீரின் பிஎச் (அமில-கார அளவு) குழாய் நீரின் பிஎச்சுக்குச் சமமாகும்வரை சோதனைப் பட்டையால் சோதியுங்கள். விரலில் வழுக்கல் போய்விட்டது என்பதை மட்டும் நம்பி நிறுத்த வேண்டாம். தவறிப்போய் காஸ்டிக் குடித்தவரின் தொண்டை வெந்துபோகும். கடைசியாக, அடுத்த கெக்கை மாட்டும் முன் ஸ்டார் சான் போன்ற சானிடைசரை ஓட்டுங்கள். சானிடைசர் அழுக்கை எடுக்காது. சுத்தமான பரப்பில் மட்டுமே அது வேலை செய்யும். கழுவாமல் சானிடைசரை மட்டும் ஓட்டிவிட்டு ‘சுத்தம் செய்துவிட்டேன்’ என்று சொல்பவர்களின் லைனில்தான் நான் மிக அதிகமாகப் புளிப்பைக் கண்டிருக்கிறேன்.

காஸ்டிக்கை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அலுமினியத்தின் மேல் அது படவே கூடாது. குளோரின் சேர்ந்த கழுவியோடு அமிலம் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒன்றை முழுவதும் அலசி வெளியேற்றிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். காஸ்டிக் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இரண்டு முறை இப்படிக் கழுவியும் வாடை போகவில்லையென்றால் லைனைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மூன்று மீட்டர் வினைல் லைனின் விலை, அதைக் காப்பாற்றச் செலவாகும் கழுவியின் விலையைவிடப் பெரிதல்ல. நான் பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை வினைல் லைனை மாற்றிவிடுகிறேன்.

அறிகுறி 5: குவளையில் செதில்களும் துகள்களும் மிதக்கின்றன

புதிய கெக்கின் முதல் இரண்டு குவளைகளில் மட்டும் வந்தால் அது அடியில் படிந்த ஈஸ்ட், ஊற்றிவிட்டு மறந்துவிடலாம். பச்சையாக இருந்தால் ஹாப்ஸ். வெண்மையோ பழுப்போ கலந்த மெல்லிய செதில்கள் நாள்தோறும் வந்தால் அது பீர் கல். ஆழ்துளைக் கிணற்று நீர் பிடிக்கும் வாளியில் உப்புப் படிவதுபோல், பீரிலிருந்து கால்சியம் ஆக்சலேட் லைனின் உட்சுவரில் படிகிறது. காஸ்டிக் இதை அசைக்காது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவியை ஓட்ட வேண்டும். பித்தளைமேல் குரோம் பூசிய டேப்பாக இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு லைனில் மட்டும் அமிலத்தை விடுங்கள்.

அறிகுறி 6: பிளாஸ்டிக், உலோகம், முன்பு ஊற்றிய பானம் ஆகியவற்றின் வாடை

புதிய வினைல் லைன் சில நாள் பிளாஸ்டிக் வாடை தரும். வெதுவெதுப்பான கழுவியில் ஓர் இரவு ஊறவைத்தால் குறையும். ரூட் பீர் என்னும் இனிப்புச் சோடாவோ இஞ்சிச் சோடாவோ ஒருமுறை ஓடிய லைனில் அந்த வாசனை ஏறிவிட்டால் எந்தக் கழுவியாலும் எடுக்க முடியாது; அந்த லைனை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். உலோக வாடை என்றால் டேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குரோம் உரிந்து மஞ்சள் நிறம் தெரிந்தால் எவர்சில்வர் டேப் வாங்கும் வேளை வந்துவிட்டது.

அறிகுறி 7: டேப்பின் கைப்பிடி ஒட்டிக்கொள்கிறது, அல்லது மூடியும் சொட்டுகிறது

பழைய மாதிரி டேப்பில் வால்வு பின்பக்கம் மூடுவதால், முன்பக்கக் குழலில் எஞ்சிய பீர் காய்ந்து சர்க்கரைப் பாகுபோல் பிடித்துக்கொள்கிறது. பலம் கொண்டு இழுத்தால் கைப்பிடியின் தண்டு முறியும். வெந்நீரில் நனைத்த துணியை டேப்பில் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள்; தானாக இளகிவிடும். சொட்டினால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். வாஷர் மாற்றியும் நிற்கவில்லையென்றால் வால்வு அமரும் இடத்தில் கீறல் விழுந்திருக்கிறது, டேப்பையே மாற்ற வேண்டும். அடுத்த டேப்பை வாங்கும்போது முன்பக்கம் மூடும் மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

அறிகுறி 8: வாயு விரைவில் தீர்கிறது, பீர் சப்பென்று இருக்கிறது

சிலிண்டர் பக்கத்து முள்ளைப் பார்த்து வாயு எவ்வளவு இருக்கிறது என்று கணிக்க முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று, திரவம் தீர்ந்ததும் சட்டென்று விழும். வீட்டுத் தராசில் சிலிண்டரை நிறுத்து, கழுத்தில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, இரவில் கெக்குகளின் வாயுத் தொடர்பை எடுத்துவிட்டு, சிலிண்டர் வால்வையும் மூடி, ரெகுலேட்டர் முள் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு ரெகுலேட்டரிலோ வாயு லைனிலோ இருக்கிறது. இறங்கவில்லையென்றால் கெக்குகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவினால் கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். முதலில் கெக் மூடியின் பெரிய ஓ-ரிங், அடுத்து வாயு வரும் சாம்பல் நிற டிஸ்கனெக்ட், அடுத்து குழாய்களின் கிளிப், கடைசியாகச் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்து வாஷர் என்ற வரிசையில் பாருங்கள். கெக் மூடி கசிந்தால் 30 பிஎஸ்ஐ கொடுத்து ஒருமுறை இறுக்கமாக அமரவைத்துவிட்டுப் பழைய அழுத்தத்துக்குக் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

வாயு லைனுக்குள் பீர் தெரிந்தால் கெக்கின் அழுத்தம் ஒரு கட்டத்தில் ரெகுலேட்டரைவிட ஏறியிருக்கிறது. அந்த லைனையும் பீர் லைன்போலவே கழுவி, பின்னோட்டத் தடுப்பு வால்வு ஒன்றைப் பொருத்துங்கள்.

திருகைத் தொடாமலே அழுத்தம் தானாக ஏறிக்கொண்டிருந்தால் ரெகுலேட்டரின் உள்வால்வு பழுதாகிவிட்டது. சிலிண்டரை உடனே மூடி, கெக்கின் அழுத்தத்தை விடுவித்து, ரெகுலேட்டரைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுங்கள், அல்லது புதிது வாங்குங்கள். சிலிண்டரின் வால்வுத் தண்டிலோ பாதுகாப்புத் தகட்டிலோ கசிவு தெரிந்தால் நாம் எதையும் முறுக்கக் கூடாது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தேங்கும். ஷெட்டின் கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளையும் நாயையும் வெளியேற்றி, காற்று மாறிய பிறகு வாயு நிரப்பும் நிறுவனத்தை அழையுங்கள். அவர்கள் வரும்போது சிலிண்டரின் தோளில் பொறித்துள்ள கடைசிச் சோதனைத் தேதியைக் காட்டுங்கள்; ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மறு சோதனை இல்லாமல் அதை நிரப்பித் தர மாட்டார்கள்.